இருதயத்தில் ஒரு சிறு சூடு

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் செல்வோர் யாவரும் ரம்புக்கனை நிலையத்தை அறிவர். அதுவரை இரட்டைத் தண்டவாளத்தில் தங்குதடையின்றி ஓடிவந்த வண்டி இங்கே நின்று சற்று இளைப்பாறும். அப்பால் கடுகண்ணாவை நோக்கி மலையேறும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு, அனுமதி கிடைத்த பின்னரே இவ்வண்டி புறப்படலாம். இந்நிலையத்திற்கு அண்மையில் வாழ்ந்தும், மனித இருதயத்தின் நடுவிலும் இத்தகைய நிலையம் ஒன்று உண்டென்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை எண்ண வைத்தவள் எமது மாணவி ஒருத்தி.

அவள் இறப்பர்த் தோட்டத்து லயமொன்றிலிருந்து உயர்தர வகுப்புக்கு வந்தவள். தாயும் தந்தையும் பால் வெட்டுவோர். பௌதிகவியல் பாடத்தில் கெட்டிக்காரி. ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், எழுதுகோலைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்தது, நெற்றி வியர்த்தது. கால்மணி நேரம் சென்றதும், ஒன்றும் நடவாதது போல் எழுந்து, "இப்ப சரியாகிட்டு, சேர்" என்றாள். பரீட்சை நெருங்கிய காலம் அது. "பயப்படாதே, பிள்ளை. நன்றாக உறங்கி எழுந்து படி" என்று நாம் புத்தி கூறி அனுப்பினோம்.

நாம் கூறியது தவறு. அத்தவற்றை ஒப்புக்கொள்வதற்காகவும், பிறர் அதனைச் செய்யாதிருப்பதற்காகவுமே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பேயும் பயமும்

பின்னர் விசாரித்தபோது அறிந்தோம்: பன்னிரண்டு வயது முதலே அவளுக்கு இப்படி வருவதுண்டு. குனிந்து நிமிரும்போது வரும். சும்மா இருக்கும்போதும் வரும். பாட்டி அதனைக் காற்றுச் சேட்டை என்று கருதித் தாயத்துக் கட்டுவித்தாள். அயலார் வாயு என்றனர். மருந்தகம் ஒன்றில் சத்து மாத்திரை கொடுத்தனர். இருமுறை வைத்தியசாலைக்கும் கொண்டுசென்றனர். ஆனால் லயத்திலிருந்து மண்பாதையில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து, வரிசையில் நின்று வைத்தியரைக் காணும்போது படபடப்பு ஓய்ந்துவிடும். ஈ.ஸீ.ஜி. எடுத்தால் கோடுகள் ஒழுங்காகவே இருக்கும். "நோய் ஒன்றுமில்லை, மனப்பயம்" என்ற முத்திரையோடு அவள் வீடு திரும்புவாள்.

மனப்பயத்தினாலும் நெஞ்சு படபடக்கும் என்பது மெய்யே. எனினும் அப்படபடப்பு மெல்ல மெல்ல ஏறி, மெல்ல மெல்லத் தணியும். எமது மாணவிக்கு வந்ததோ, மின்விளக்கின் விசையைத் தட்டினாற்போல் ஒரு கணத்தில் தொடங்கும், மறுகணம் நின்றுவிடும். "கழுத்துக்குள்ள தவளை துள்ளுற மாதிரி இருக்கும், சேர்" என்றாள். நாம் அதனை ஒரு பிள்ளையின் கற்பனை என்றே எண்ணினோம். பின்னாளில் வைத்திய நிபுணர் அதனைக் கேட்டதும் தலையசைத்தார். இந்நோய்க்குரிய அடையாளங்களுள் அதுவும் ஒன்றாம்!

உண்மை ஒருநாள் தானாகவே வெளிப்பட்டது. கல்லூரி வேளையில் வந்த படபடப்பு, அன்று அரைமணி நேரமாகியும் ஓயவில்லை. உடனே அண்மையிலிருந்த அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். நாடியைப் பிடித்த தாதி திடுக்கிட்டார். ஈ.ஸீ.ஜி. தாளில் கோடுகள் நெருங்கி நெருங்கி ஓடின: நிமிடத்திற்கு 190 துடிப்பு! வைத்தியர் நரம்பில் ஓர் ஊசி மருந்தைச் செலுத்தினார். சில கணங்களில் துடிப்பு சட்டென நின்று, பின்னர் 80 என்ற அமைதியான நடைக்கு வந்தது. ஆறு ஆண்டுகளாக யாரும் நம்பாத ஒன்றுக்கு அந்தத் தாள் சாட்சியாயிற்று. அதனை மடித்துப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அவ்வழுகை எமக்கும் உரிய தண்டனையே.

மின்சாரம் ஓடும் பாதை

இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பையும் தொடக்கி வைப்பது மிகச் சிறியதொரு மின்தூண்டல். வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு முடிச்சில் அது பிறக்கின்றது. இம்முடிச்சை ஆதர் கீத், மார்ட்டின் பிளக் என்னும் பிரித்தானியர் இருவர் 1907இல் உலகிற்கு அறிவித்தனர். பிளக் அதனை முதலிற் கண்டது மண்ணைத் தோண்டி வாழும் அகழெலி ஒன்றின் இருதயத்தில் என்பர்.

அங்கே பிறந்த தூண்டல் மேலறைகள் இரண்டிலும் பரவுகின்றது. ஆனால் கீழறைகளுக்கு அது நேரே இறங்க இயலாது. மின்சாரம் கடவாத நாரிழையம் இடையே தடுப்பாக நிற்கின்றது. அத்தடுப்பில் ஒரேயொரு வாயில் உண்டு. அதுவே நடுமுடிச்சு. ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியில் ஆராய்ந்து 1906இல் இதனை விளக்கினார். தூண்டல் இவ்விடத்தே ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரம் தாமதிக்கின்றது. அதற்குள் மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழறைகளுக்குள் இறக்கிவிடுகின்றன. இரட்டைப் பாதையில் வந்த வண்டி, ஒற்றைப் பாதையில் ஏறுமுன் ரம்புக்கனையில் காத்து நிற்பதை இது ஒக்கும் அன்றோ?

சிலருடைய இருதயத்தில் இவ்வாயிலை அணுகுவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று விரைவுப் பாதை. மற்றது மெதுவான பாதை. வழக்கமாக விரைவுப் பாதையே பயன்படும். எப்போதேனும் ஒரு துடிப்பு முறைக்கு முந்திப் பிறந்துவிட்டால், விரைவுப் பாதை இன்னும் களைப்பாறியிருக்காது. ஆகவே தூண்டல் மெதுவான பாதை வழியே இறங்கும். அது இறங்கி முடிவதற்குள் விரைவுப் பாதை விழித்துக்கொள்ளும். தூண்டல் அதன்வழி மேலேறும். மீண்டும் மெதுவான பாதையில் இறங்கும். இவ்வாறு ஒரு வண்டி சிறு வட்டத்தில் ஓயாது சுற்றிவர, ஒவ்வொரு சுற்றுக்கும் கீழறைகள் ஒருமுறை துடிக்கும். எமது மாணவியின் நோய் இதுவே. பெண்களிடத்தே இது மிகுதி.

வேறு சிலருக்கு அந்த நார்த்தடுப்பின் ஊடாகவே திருட்டுப்பாதை ஒன்று பிறவியிலேயே அமைந்திருக்கும். வூல்ப், பார்க்கின்சன், வைட் என்னும் மூவர் 1930இல் இத்தகையோரைப் பற்றி எழுதியமையால், அவர்தம் பெயராலேயே அந்நிலை வழங்குகின்றது. ஆயிரம் பேருள் ஒருவர் முதல் மூவர் வரை இதன் அடையாளத்தைத் தம் ஈ.ஸீ.ஜி.யில் உடையவர்கள். அவர்களுள் பலருக்கு எத்தொல்லையும் இல்லை. ஆனால் மிகச் சிலருக்கு இத்திருட்டுப்பாதை உயிராபத்தாகவும் முடியலாம்.

கத்தியிலிருந்து கம்பிக்கு

வட்டமாகச் சுற்றும் வண்டியை நிறுத்த வழி யாது? பாதையில் ஓரிடத்தைத் துண்டித்துவிட்டால் போதும். இதனை வைத்தியர்கள் நெடுங்காலம் அறிந்திருந்தனர். துடிக்கும் இருதயத்தினுள்ளே செல்வது எங்ஙனம் என்பதே வினா.

1929ஆம் ஆண்டில், ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்னும் சிற்றூரில், வேர்னர் போஸ்மன் என்ற இளம் வைத்தியர் ஒரு துணிகரமான காரியத்தைச் செய்தார். மேலதிகாரி தடுத்தும் கேளாது, தம் கையின் நாளத்தினுள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அது நெஞ்சை அடையும்வரை தள்ளினார். பின்னர் தாமே நடந்துசென்று எக்ஸ்ரேப் படமும் எடுத்தார். 'கதீற்றர்' எனப்படும் அக்குழாய் இருதயத்தினுள் நின்றது. அவரோ உயிரோடு நின்றார்! அன்று ஏளனத்திற்குள்ளான அச்செயலுக்காக, 1956இல் வேறு இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் பாதையைத் துண்டிக்க முதலிற் பயன்பட்டது கத்தியே. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வைத்தியசாலையில், வில் சீலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மீனவர் ஒருவரின் நெஞ்சைப் பிளந்து, திருட்டுப்பாதையை அறுத்து அவரைக் குணப்படுத்தினார். அரியதொரு வெற்றிதான். எனினும், மயிரிழை போன்றதொரு பாதைக்காக மார்பெலும்பையே பிளக்க வேண்டியிருந்தது.

1982இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மெல்வின் ஷைன்மனும் அவருடைய தோழர்களும், நெஞ்சைப் பிளவாமலே கதீற்றர் வழியாக நடுமுடிச்சை அழித்த செய்தியை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியது பெரும் மின்னதிர்ச்சி. அது கதீற்றரின் நுனியில் வெடி போல் வெடித்தது. வேண்டிய இடத்தை மட்டும் அளவோடு அழிப்பது அரிதாயிற்று. இதற்கு மாற்றாக, 1987இல் ஜெர்மன் வைத்தியர்கள் மென்மையான வெப்பத்தைக் கையாண்டனர். 1991இல் ஒக்லஹோமாவின் வாரன் ஜக்மனும் அவர் குழுவினரும் வெளியிட்ட கணக்கு உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது: திருட்டுப்பாதை உடைய 166 நோயாளருள் 164 பேருக்கு அப்பாதை வெப்பத்தால் அற்றொழிந்தது. மறு ஆண்டே, எமது மாணவியைப் பீடித்த நோய்க்கும் மெதுவான பாதையை மட்டும் சுடும் முறை வெளியாயிற்று.

சுடுவது எங்ஙனம்?

"கம்பியைக் காய்ச்சி உள்ளே விடுவார்களா, சேர்?" என்று மாணவர் ஒருவர் எம்மை வினவியதுண்டு. அன்று. கம்பி சூடாக்கப்படுவதில்லை, தசைதான் சூடாகின்றது.

தடையுள்ள பொருளொன்றின் ஊடாக மின்னோட்டம் சென்றால் வெப்பம் பிறக்கும் என்பது பௌதிகவியல் மாணவர் யாவரும் அறிந்ததே. இங்கே பயன்படும் மின்னோட்டம் செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் முறை திசைமாறுவது. வானொலி அலைகளின் வேகத்தை ஒத்த அவ்வேகத்திற்குத் தசையும் நரம்பும் ஈடுகொடுக்க இயலாமையால் அதிர்ச்சி தாக்குவதில்லை. வெப்பம் மட்டுமே எஞ்சுகின்றது. சத்திரசிகிச்சையில் இரத்தப்போக்கை அடக்குவதற்கு இவ்வித்தையை 1926 முதலே பயன்படுத்தி வந்தனர்.

மின்னோட்டம் கதீற்றரின் நுனியிலிருந்து புறப்பட்டு, நோயாளியின் முதுகில் ஒட்டிய அகன்ற தகட்டை அடைகின்றது. இரு முனைகளிலும் மின்னோட்டம் ஒன்றே. ஆனால் நுனியில் அது நெருக்கியடித்துச் செல்கின்றது. தகட்டில் பரந்து செல்கின்றது. ஆகவே நுனியை ஒட்டிய தசை சுடுகின்றது, முதுகு சுடுவதில்லை. நேராகச் சூடாவது நுனியை ஒட்டிய ஒரு மில்லிமீற்றர் அளவே. அங்கிருந்து வெப்பம் கடத்தலால் இன்னும் சிறிது பரவுகின்றது. 50 பாகை செல்சியசைத் தாண்டினால் இருதயத் தசை மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றலை அறவே இழக்கும். 100 பாகையை நெருங்கினால் இரத்தம் கருகி உறைந்து, வேறு ஆபத்து விளையும். ஆதலால் நுனியில் பொருத்திய வெப்பமானி காட்டும் அளவைப் பார்த்தவண்ணம், 60 பாகையை ஒட்டி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை சுடுவர். உண்டாகும் வடு சில மில்லிமீற்றர் அகலமே. அவ்வளவு சிறிய வடுவில் வண்டி நின்றுவிடுகின்றது!

பாட்டியின் அச்சம்

கொழும்புக்குச் செல்லுமாறு வைத்தியர் எழுதிக் கொடுத்த பின்னர், நாம் ஒரு மாலை அந்த லயத்திற்குச் சென்றோம். பாட்டி வாசலிலேயே எம்மை மறித்துக்கொண்டாள்.

"ஐயா, பிள்ளையோட நெஞ்சுல சூடு வைக்கப் போறாங்களாமே? இவ அப்பனுக்குச் சின்னதுல வலிப்பு வந்தப்ப வயித்துல சூடு வச்சோம். தழும்பு இன்னும் கெடக்கு. இவளுக்கு நெஞ்சுக்குள்ளயா வைக்கணும்?"

அவளுடைய அச்சத்தை நாம் நகைக்கவில்லை. காய்ச்சிய கம்பியால் குழந்தைகளுக்குச் சூடு போடும் வழக்கத்தை நாமும் கண்டிருக்கின்றோம். அதனால் நோய் தீர்ந்ததில்லை. புண்ணும் தழும்புமே மிஞ்சின. நோய் எங்கே உள்ளதென்று அறியாமல் சுடுவது அது. நோயின் இடத்தை முதலில் தேடிக் கண்டு, அவ்விடத்தை மட்டும் சுடுவது இது என்று விளக்கினோம்.

தந்தை கேட்ட கேள்வியே கடினமானது. "இதுல ஆபத்து இல்லையா, ஐயா?" ஆபத்து உண்டு. மெதுவான பாதைக்கு மிக அண்மையில் நடுமுடிச்சு இருக்கின்றது. கை சற்றுத் தவறி அது சுடப்பட்டால், மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறும். ஆயுள் முழுவதும் துடிப்பூட்டும் கருவியொன்றை உடலில் பொருத்திக்கொள்ள நேரும். அனுபவமிக்க கைகளில் இது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கின்றது. மறுபுறம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நிரந்தர சுகம் கிடைக்கின்றது. இந்நோய் உயிரைக் கொல்லுவது மிக அரிது, மாத்திரையோடும் காலந்தள்ளலாம். ஆகவே 'செய்தே தீரவேண்டும்' என்று எவரும் வற்புறுத்தவில்லை. தெரிவு அவர்களுடையது.

எல்லோரும் மௌனமாயிருந்தபோது மாணவி பேசினாள். "எப்ப வரும், எப்ப வரும்னு ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டிருக்கிறதுதான் சேர் எனக்குப் பெரிய நோய். நான் போறேன்."

குறித்த நாளன்று அதிகாலை வண்டியில் ஏறிச் சென்றனர். தொடையின் மேற்புறத்தில் மரப்பு ஊசி போட்டு, இரண்டு மில்லிமீற்றர் பருமனான கதீற்றர்கள் சிலவற்றை நாளத்தின் வழியே இருதயத்துக்குள் செலுத்தினர். அவள் விழித்தே இருந்தாள். முதலில் வைத்தியர்கள் மின்தூண்டலால் அந்தப் படபடப்பைத் தாமே வரவழைத்தனர். நோயைக் காணாமல் அதன் இருப்பிடத்தைக் காண இயலாதன்றோ? பாதை தெரிந்ததும் சுட்டனர். சுடும்போது, திரையில் ஓடும் கோட்டினின்றும் எவரும் கண்ணெடுக்கவில்லை. நடுமுடிச்சு தடுமாறும் அறிகுறி தோன்றினால் அக்கணமே மின்னோட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பின்னர் மீண்டும் மீண்டும் தூண்டிப் பார்த்தனர். படபடப்பு வரவில்லை. "நெஞ்சு கொஞ்சம் கனத்த மாதிரி இருந்திச்சு, அவ்வளவுதான்" என்று அவள் பின்னர் கூறினாள். மறுநாள் மாலை வண்டியில் வீடு வந்து சேர்ந்தாள்.

வாசகர் நினைவிற்கொள்ள வேண்டியவை

இச்சிகிச்சை எல்லாத் தாளக் கோளாறுகளையும் ஒரே வகையாகத் தீர்ப்பதன்று. முதியோரிடத்துக் காணப்படும், மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோய்க்கு வெற்றி இதனிலும் குறைவு. சிலருக்கு இருமுறை செய்ய நேரிடும். அந்நோயின் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வரும் நாளங்களின் வாயிலில் பிறப்பதை, 1998இல் பிரான்சின் போர்டோ நகரைச் சேர்ந்த மிஷேல் ஹைசகேர் என்பவரின் குழு காட்டியது. வெப்பத்துக்குப் பதில் கடுங்குளிரால் தசையை உறையச் செய்யும் முறையும் வழக்கில் உள்ளது. எமது நாட்டில், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இருதயப் பிரிவில் இத்துறைக்குரிய நிபுணர்கள் உளர். அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதையும் தோட்டத்து மக்கள் அறிதல் நன்று.

ஆனால் இவையனைத்திற்கும் முற்பட்டது ஒன்றுண்டு: நோய் நோயென்று நம்பப்பட வேண்டும். பிள்ளை ஒருத்தி நெஞ்சு படபடக்கின்றது என்றால், அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள். சட்டெனத் தொடங்கிச் சட்டென நிற்கின்றதா என்று வினவுங்கள். நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். படபடப்பு உள்ளபோதே ஈ.ஸீ.ஜி. எடுக்க முயலுங்கள், அந்த ஒரு தாள் நூறு விளக்கங்களுக்குச் சமம். மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் சிறிதும் தாமதியாது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழையுங்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்க உபாயம் ஒன்றையும் வைத்தியர்கள் கற்பிக்கின்றனர். சாய்ந்திருந்து, பதினைந்து செக்கன் மூச்சை முக்கி ஊதிய பின், உடனே மல்லாந்து படுத்துக் கால்களைப் பிறர் உயர்த்திப் பிடிக்கச் செய்வது. 2015இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், இம்முறையால் நூற்றுக்கு 43 பேருக்குப் படபடப்பு நின்றது. கால்களை உயர்த்தாமல் முக்குவதால் மட்டும் 17 பேருக்கே நின்றது. நோய் இன்னதென்று வைத்தியர் உறுதிசெய்து, அவரிடமே பழகிய பின்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

எமது மாணவி அடுத்த ஆண்டு பரீட்சை எழுதினாள். மின்னோட்டத்தால் பிறக்கும் வெப்பத்தைப் பற்றி வினாத்தாளில் ஒரு கணக்கு வந்ததாம். "அதை மட்டும் தப்பா எழுதியிருக்க மாட்டேன், சேர்" என்று சிரித்தாள். பாட்டி கட்டிய தாயத்து இன்னும் அவள் கையில் இருக்கின்றது. அதனை அவிழ்க்குமாறு நாம் சொல்லவில்லை. அது அன்பால் கட்டியது. ஆனால் இப்போது எமது வகுப்பில் எவரேனும் நெஞ்சைப் பிடித்தால், நாம் புத்தி கூறுவதில்லை. முதலில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அருகே சென்று அமர்கின்றோம்.